வடிநீர்

கொட்டியாகிவிட்டது. பீக்கரைக் கவிழ்த்ததும் கைதான், குழாயைத் திறந்துவிட்டதும் கைதான்; செண்பகவல்லியிடம் அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிங்க்கின் துளையில் தண்ணீர் சுழன்று இறங்கி, கடைசியில் ஒரு விக்கல் விக்கி அடங்கியது. சரி, அடுத்து ஆசிட் சேர்க்க வேண்டும், சொட்டுச் சொட்டாக, கிளறிக்கொண்டே, எதில் சேர்க்க வேண்டும், வடிநீரில், வடிநீர் எங்கே என்று இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், அப்புறம்தான் கையிலிருந்த காலி பீக்கரைப் பார்த்தாள். அடிப் பாவி! குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினால் போனது திரும்பி வந்துவிடுமா என்ன, ஆனாலும் அவசர அவசரமாக மூடினாள், மூடிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் பர்னர், அவரவர் பீக்கர், அவரவர் தலைவிதி. தீ அணைந்துவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். கோவில்பட்டியின் சித்திரை வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அதுவும் பரீட்சை எழுதுகிற மாதிரி பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்திருந்தது. வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

நடந்தது இவ்வளவுதான். தேர்வு தொடங்கியபோது ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். வெள்ளைப் பொடி. பார்த்தால் ஒன்று, உள்ளே இரண்டு. ஒன்று அமிலம், இன்னொன்று எதற்கும் மசியாத வேறு ஏதோ. சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றினால் அமிலம் மட்டும் புஸ்ஸென்று நுரைத்துத் தண்ணீரோடு போய்விடும், மசியாதது அப்படியே கிடக்கும். வடிதாளில் வடித்தால் தாளில் நிற்பது ஒன்று, கீழே இறங்கிய தண்ணீருக்குள், அதாவது வடிநீருக்குள், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது மற்றொன்று. அந்தத் தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை விட்டால் ஒளிந்திருந்த அமிலம் வெள்ளை வெளேரென்று வெளியே வந்துவிடும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு இது இன்னது, இது இன்னது என்று பெயர் சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸி ஆர்கானிக் பிராக்டிகல் என்று ஊரெல்லாம் பிள்ளைகள் பயந்து சாவது இதற்குத்தான். செண்பகவல்லி அழகாகப் பிரித்தாள். பிரித்து, பாதியைச் சாக்கடைக்கு வார்த்துவிட்டாள். இந்த லேபில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் ஒருத்தியும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாள், செய்யச் சொன்னாலும் வராது. அதற்கென்று தினம் இரண்டு வேளை சோறு வடித்த கை வேண்டும். மேலே நின்றது சோறு, கீழே இறங்கியது கஞ்சி, கஞ்சியைக் கொட்டு, பாத்திரத்தை அலசு. கைக்குத் தெரிந்த வேதியியல் அவ்வளவுதான். அதுவும் குக்கர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடுதான். அவள் புருஷன் ராஜாமணிக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் குக்கர் கூடாது வடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லப்போய், பரணில் கிடந்த பானை கீழே இறங்கியது. அந்த மனுஷன் உடம்புக்காகப் பழகிய கை இன்றைக்கு அவள் தலையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டது. யாரைத் திட்டுவது? டாக்டரையா?

போன வருஷம் இதே நாள் அவள் இங்கே இல்லை. மகள் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இவள் பக்கத்தில் கிடந்தாள். மற்றப் பேப்பர் எல்லாம் தேறிவிட்டது, இந்தப் பிராக்டிகல் ஒன்றுதான் அரியர். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றபிறகு படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது ராஜாமணி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் எதற்குமே வேண்டாம் சொல்கிற ஆள் இல்லை. நேற்று ராத்திரி தட்டைக் கழுவிவைத்துவிட்டு வந்து, ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே, "இந்தத் தடவ எழுதிப் பாரு செண்பகம். வரலன்னா விட்ருவோம்" என்றான். விட்ருவோம். அந்த வார்த்தை ராத்திரி முழுக்கக் காதில் நின்றது, இப்போதும் நிற்கிறது. விட்ரு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நீ யாரு என்னை விடச்சொல்றதுக்கு என்று ஒரு பாட்டம் கத்தியிருக்கலாம். விட்ருவோம் என்றால் எப்படிக் கத்துவது? என்னவோ அவனும் கூட உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதிய மாதிரி, அவனும் பஸ்ஸில் நின்றுகொண்டே சமன்பாடு மனப்பாடம் பண்ணிய மாதிரி, இரண்டு பேருமாகத் தூக்கிய சுமையை இரண்டு பேருமாக இறக்கிவைக்கப்போகிற மாதிரி. அன்பாகத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எட்டயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் வேலையை ஜூன் வரைக்கும் நிறுத்திவைத்திருக்கிறார்கள், எம்.எஸ்ஸி முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த லேபை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். சின்ன லேப், இரண்டு அலமாரி, ஒரு பூட்டு. சாவி உங்களிடம்தான் இருக்கும் என்றார் தலைமையாசிரியை. அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு அந்தச் சாவி நினைப்புத்தான். அது இன்றைக்கு இந்தத் துளை வழியாகப் போய்விட்டது. விட்ருவோம். விட்டாச்சு.

இன்னொரு பொட்டலம் கேட்கலாமே. கேட்க உரிமை உண்டு, மார்க்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், பிடிக்கட்டும். ஆனால் நேரம்? முதலிலிருந்து கரைத்து, வடித்து, ஆசிட் விட்டு, உலர்த்தி, பெயர் கண்டுபிடித்து... நடக்கிற காரியமா. சரி, நேரம் கிடக்கட்டும், கேட்பது யாரிடம்? பொட்டலமெல்லாம் வெயிலுமுத்து சார் மேஜையில். உள்தேர்வாளர் அவர்தான், இரண்டு வருஷமாக அவளுக்கு லேப் எடுத்தவரும் அவர்தான். ஏன்மா, கொடுத்தது என்னாச்சு என்று கேட்பார். கேட்கத்தானே செய்வார். கொட்டிட்டேன் சார். எங்க கொட்டுன? சிங்க்ல. எதுக்கு? இதற்கு என்ன பதில் சொல்வாள்? அவருக்குப் பதில் வேண்டாம், அவரிடமே இருக்கிறது. லேபுக்கு வந்த முதல் வாரத்தில், பீக்கரைக் கிளறிவிட்டுக் கண்ணாடிக் குச்சியை விளிம்பில் டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள், அகப்பையைத் தட்டுகிற மாதிரி. பக்கத்தில் வந்தவர் நின்று, "என்னம்மா, உப்பு ஒறப்பு சரியா இருக்கா?" என்றார். லேபே சிரித்தது. அன்றிலிருந்து அவள் சமையல் மாஸ்டர். என்ன சமையல் மாஸ்டர், இன்னைக்கு என்ன கொழம்பு? சமையல் மாஸ்டர், அடி பிடிக்குது பாரும்மா! கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. அவள் ஃபீஸ் கட்டத் தாமதமானபோது ஆபீசில் போய்ப் பேசியவரும் அவர்தான். வாய்தான். ஆனால் அவர் சொன்னது வலிக்கவில்லை, சொல்லச் சொல்ல இவள் சிரித்தாளே, அதுதான் வலித்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாத்ரூமில் கண்ணைத் துடைத்தாள். இப்போது போய் நின்று, சோறு வடிக்கிற நினைப்பில் கொட்டிவிட்டேன் சார் என்று சொன்னால், இரண்டு வருஷமாக அவர் சொன்னதற்கெல்லாம் இவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அதற்குப் பேசாமல் விட்டுவிட்டே போகலாம். விட்ருவோம். ஐயோ, இந்த வார்த்தை போய்த் தொலையாதா!

"அக்கா," என்றது பக்கத்துப் பெஞ்சு. வினோதினி. இருபத்திரண்டு வயசுப் பெண், இவளை அக்கா அக்கா என்று சுற்றிவரும், இவள் கொண்டுவரும் எலுமிச்சைச் சோற்றில் பாதி அதற்குத்தான். அதன் பீக்கரில் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது அமிலம், அள்ளிக் கொடுக்கலாம் போல அவ்வளவு. காலி பீக்கரைப் பார்த்தது, சிங்க்கைப் பார்த்தது, இவள் முகத்தைப் பார்த்தது. கெட்டிக்காரப் பெண், எல்லாம் விளங்கிவிட்டது. சத்தமில்லாமல் தன் பீக்கரைக் கண்ணால் காட்டி, கொஞ்சம் தரவா என்று புருவத்தைத் தூக்கியது. செண்பகவல்லியின் கை பெஞ்சின் விளிம்புவரை போய்விட்டது. பொய் சொல்வானேன், போய்த்தான் விட்டது. இந்தக் கையை இனிமேல் நம்பவே கூடாது. ஒரு சிட்டிகை போதும், மடித்து வாங்கி இது என்னுடையது என்று வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? தெரியுமே. ஆளுக்கு ஆள் கலவை வேறு. அவளுக்கு வந்தது எந்த அமிலமோ, இவளுக்கு வந்தது எந்த அமிலமோ. வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்திருக்கிற எக்ஸ்டர்னல் கையில் யாருக்கு எது என்கிற கணக்கு இருக்கிறது. மாட்டினால் இந்தப் பெண்ணும் சேர்ந்து போகும். நல்லவள் என்பதால் ஒன்றும் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பயத்தில் இழுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். வினோதினி திரும்பிக்கொண்டது. எதிர்வரிசையில் எக்ஸ்டர்னல் நகர்ந்து வந்துகொண்டிருந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர், மெர்சி ஃப்ளோரா மேடம். ஒல்லி உடம்பு, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்குகிற கண்ணாடி. யாரிடமும் பேச்சே இல்லை. நிற்பார், பார்ப்பார், எழுதுவார், நகர்வார். வெயிலுமுத்து சார் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு வந்தார், பெண் பார்க்க வந்த வீட்டில் மாமன் நிற்கிற மாதிரி.

எத்தனை நாள் செய்து பார்த்தது இதெல்லாம். முதல் தடவை ஆசிட்டைச் சொட்டியபோது, ஒன்றுமே இல்லாத வெறும் தண்ணீராக இருந்தது திடீரென்று வெளுத்து, அடியிலிருந்து பஞ்சு பஞ்சாகக் கிளம்பியதே, அன்றைக்கு அவள் தன்னை மறந்து "ஐயோ!" என்று கத்திவிட்டாள். பயமில்லை, சந்தோஷம். இவ்வளவு நேரமும் இதற்குள்ளேயேதான் இருந்திருக்கிறது, இருந்துகொண்டே இல்லாத மாதிரி இருந்திருக்கிறது! ராத்திரி ராஜாமணிக்குப் பரிமாறிக்கொண்டே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "அப்படியா" என்றான், "ரசம் ஊத்து" என்றான். அவனுக்கு அவ்வளவுதான் வரும். ஆனால் அவளுக்கு அது வேண்டும். சம்பளம் கிடக்கட்டும், சாவிகூடக் கிடக்கட்டும், அந்த வெள்ளை கிளம்புகிற நேரம் அவளுக்கு வேண்டும். இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொள்ளாததை இப்போது சொல்லிக்கொண்டாள், சொன்னதும் கண் கலங்கிவிட்டது. இது நல்ல நேரம்தான் அழுவதற்கு! புனலில் அந்த மசியாதது மட்டும் அந்துருண்டை நாற்றத்தோடு ஈரமாக உட்கார்ந்திருந்தது. உனக்கென்ன, நீ இருக்கிறாய், உன்னை யார் கேட்டது. அதை இன்னும் கழுவக்கூட இல்லை. வடித்ததும் இரண்டு மூன்று தடவை கழுவு, கழுவாமல் விட்டால் வடிநீர் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், சுத்தமாக வராது என்று சார் தொண்டை கிழியக் கத்துவார். அதையும் செய்யவில்லை. ஒரு பரீட்சையில் ஒரு தப்புப் போதாது என்று இரண்டு தப்பு. கழுவாமல் விட்டால் வடிநீர் அதிலேயே ஒட்டிக்கொண்டு... ஒட்டிக்கொண்டு நிற்கும். நிற்கும்! கழுவவில்லையே! கழுவவே இல்லையே நான்! சோத்தை எவ்வளவு கவிழ்த்துவைத்தாலும் அடியில் ஈரம் நிற்கத்தானே செய்யும், அந்த ஈரம் என்ன, அதுவும் கஞ்சிதானே.

காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், வைத்தாள். நிறைய ஊற்றினால் கரைந்தே போய்விடும், பிறகு எந்த ஆசிட் வந்து கூப்பிட்டாலும் வராது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். புனலுக்குக் கீழே டெஸ்ட் ட்யூபை ஏந்தி, அந்த ஈரப்பொடியின் தலையில் சொட்டுச் சொட்டாக விட்டாள். இறங்க மாட்டேன் என்கிறது. இறங்கு தாயே. சொட்டியது. ட்யூபில் ஒரு விரல்கடை உயரம் சேர்ந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. தெரியாதுதான், தெரியாமல்தான் இருக்கும். ஆசிட். ஒரு சொட்டு. நுரைத்தது. இன்னொரு சொட்டு. நுரை அடங்கியது. இன்னொன்று. ஒன்றுமில்லை. தண்ணீர் தண்ணீராகவே நிற்கிறது. எதிர்வரிசையின் கடைசிப் பெஞ்சில் மேடம் எதையோ கேட்டார், யாரோ தடுமாறினார்கள். ஒன்றுமில்லை. இல்லை, முழுக்கப் போய்விட்டது, கழுவினதெல்லாம் வீண். செண்பகவல்லி, உனக்கு இது வராது, விட்ரு. ஐஸ் தண்ணீரில் ட்யூபை முக்கினாள். ராஜாமணிதான் சொன்னான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், இப்போது பார்த்தால் அவளே சொல்லிக்கொள்கிறாள், அவன் குரல்கூட இல்லை, இவள் குரல்தான். சும்மா கிட. கண்ணாடிக் குச்சியை எடுத்து ட்யூபின் உட்சுவரைச் சுரண்டினாள். வராமல் அடம்பிடிக்கிற படிகத்துக்கு இப்படிச் சுரண்டிக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கும். கிரீச் கிரீச்சென்று பல் கூசியது. வினோதினி திரும்பிப் பார்த்தது. கிரீச். வா. கிரீச். எனக்கு ஒரு சிட்டிகை போதும், நான் ஒன்றும் மூட்டை கேட்கவில்லை. சுரண்டிய கோட்டின் ஓரத்தில் ஒரு மினுக்கு. வெயிலா? வெயில் இல்லை. ஊசி. இன்னொரு ஊசி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு முழுக்க ஊசி ஊசியாக வந்து, தண்ணீருக்குள் இறங்கிக் கலைந்து ஆடியது. செண்பகவல்லி கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வடித்தாள். இந்தத் தடவை வடிநீரைக் கொட்டவில்லை, கொட்டலாம் என்று தெரிந்தும் கொட்டவில்லை, அந்தப் பக்கம் பத்திரமாக வைத்துக்கொண்டாள். தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி ஈரம் எடுத்தாள். ஒரு நகக்கண் அளவு இருக்கும். அதில் கொஞ்சத்தைக் கிள்ளிக் கரைத்து ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டாள், நாவல்பழத்தைக் கடித்த நாக்கு மாதிரி ஊதாவாக ஊறியது. ஊறினால் அது சாலிசிலிக் அமிலமாக இருக்கலாம். இருக்கலாம்தான். நூற்றைம்பத்தெட்டு, நூற்றைம்பத்தொன்பது டிகிரியில் உருகினால்தான் நிச்சயம். நிமிர்ந்தாள். எதிரில் கண்ணாடிக் கயிறு தொங்கியது.

"நம்பர் என்ன?"

சொன்னாள். மேடம் தாளில் இருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"ஆசிட் இவ்வளவுதானா?"

பதில் ஒன்று தயாராக நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. கொடுத்ததே கொஞ்சம்தான் மேடம். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்ல வேண்டாம். பொட்டலம் கட்டியது வெயிலுமுத்து சார், கேட்டால் அவரைக் கேட்பார்கள், அவர் முழிப்பார், இரண்டு வருஷத்துச் சிரிப்புக்கு ஒரு முழி. இனித்தது அது. நிஜமாகவே இனித்தது. மேடத்தின் தோளுக்குப் பின்னால் அவர் புருவத்தை உயர்த்திக்கொண்டு நின்றார்.

"கொட்டிட்டேன் மேடம்."

"எத?"

"ஃபில்ட்ரேட்ட. சோறு வடிக்கிற நெனப்புல சிங்க்ல ஊத்திட்டேன். மேல நின்னத இன்னும் கழுவாம வச்சிருந்தேன். அதக் கழுவி எடுத்தது இது."

"பாத்தீங்களா மேடம்!" வெயிலுமுத்து சாருக்கு முகமெல்லாம் பல். "நான் சொல்லல? நம்ம சமையல் மாஸ்டரு!" பின்பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள், அது வரிசை வரிசையாகப் பரவியது. செண்பகவல்லியின் உதடு பழகின வழியில் விரியப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்த அவ்வளவு பலம் வேண்டியிருந்தது. நிறுத்தினாள். கன்னம் வலித்தது.

மேடம் சிரிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. டெஸ்ட் ட்யூபை வெளிச்சத்தில் தூக்கி அந்த ஊதாவைப் பார்த்தார். "ஈல்டுக்கு மார்க் கெடையாது, அளவு பத்தாது."

"சரி மேடம்."

"மெல்டிங் பாயின்ட் சரியா வந்தாத்தான் மத்தது. வரலன்னா இந்தப் பாகம் முழுக்கப் போயிரும். நேரம் இருக்கு, போடுங்க." எழுதிக்கொண்டு வினோதினியிடம் நகர்ந்தார்.

மிச்சமிருந்த படிகங்களை மயிரிழைக் குழாயில் அடைத்தாள். ஒன்று சிந்தினாலும் வேறு கிடையாது, எல்லாம் இதுதான். தெர்மாமீட்டரோடு கட்டி, எண்ணெயில் இறக்கி, பர்னரைக் குறைத்துவைத்தாள். பாதரசம் ஏறத் தொடங்கியது. வெயிலுமுத்து சார் இன்னும் போகவில்லை. பெஞ்சின் அந்தப் பக்கம் ஜன்னலை மறைத்துக்கொண்டு, பெஞ்சில் கையூன்றி நின்றார். "என்னம்மா, கஞ்சிய வீணாக்கிட்டியே, உப்புப் போட்டுக் குடிச்சிருக்கலாம்ல" என்றார். சொல்லிவிட்டு அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தார். எப்போதும் அவள் சிரித்துத்தானே முடியும். அவர் நிழல் எண்ணெய்மேல் விழுந்திருந்தது. குழாய்க்குள் இருப்பது வெள்ளையா தண்ணீரா என்றே தெரியவில்லை.

"சார்."

"என்னம்மா?"

"தள்ளி நில்லுங்க. உருகுறது தெரியல."

இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார், அவள் முகத்தில் ஏதாவது வருமா என்று. ஒன்றும் வரவில்லை. பின்பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அங்கேயும் ஒருவரும் சிரிக்கவில்லை. தள்ளி நின்றார். வெயில் பெஞ்சுமேல் விழுந்தது. பாதரசம் நூற்றிருபதைத் தாண்டியது, நூற்றி நாற்பதைத் தாண்டியது, படிகம் அசையவில்லை. நூற்றைம்பது. கண்ணை இமைக்காமல் பார்த்தாள். நூற்றைம்பத்தெட்டில் ஓர் ஊசியின் முனை வேர்த்தது, அது சாய்ந்தது, எல்லாம் சேர்ந்து தெளிந்து கீழே ஓடியது. செண்பகவல்லி பேனாவை எடுத்துச் சாலிசிலிக் அமிலம் என்று எழுதினாள்.